நகமும் நாற்பதும்

நெருங்கிய உறவுக்கு உவமை சொல்ல வேண்டுமாயின் "நகமும் சதையும் போல" என்பது நம்மவர் வழக்கு. உவமைக்கு நகத்தை அழைக்கும் நாம், உடம்பின் செய்தியைக் கேட்பதற்கு அதனை அழைப்பதில்லை. நாற்பது வயது எட்டியதும் கண்ணாடியின் முன் நின்று நரைத்த மயிரை எண்ணுகின்றோம். இடுப்பின் சுற்றளவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றோம். எழுத்து மங்கினால் மூக்குக்கண்ணாடி வாங்குகின்றோம். எழுதும்போதும் உண்ணும்போதும் கும்பிடும்போதும் கண்முன்னே நிற்கும் பத்து நகங்களை மட்டும், வளர்ந்தால் வெட்டி எறிதற்குரிய பொருளாகவே கருதிவிடுகின்றோம்.

நடுவயதினர்க்கு இருவகை மனப்போக்கு உண்டு. ஒரு சாரார், உடம்பில் எது தோன்றினும், "வயது போகின்றது, இனி இப்படித்தான்" என்று தம்மைத் தாமே சமாதானஞ் செய்துகொள்வர். மற்றொரு சாரார், சிறு புள்ளி ஒன்றைக் கண்டாலும் பெருநோய் வந்துவிட்டதென்று அஞ்சி உறக்கம் இழப்பர். முன்னவர் நோயை முதுமை என்று மயங்குகின்றனர். பின்னவர் முதுமையை நோய் என்று மயங்குகின்றனர். இவ்விரு மயக்கங்களையும் ஓரளவு தெளிவிக்க வல்லது நகம். அதில் முதுமை எழுதும் எழுத்து வேறு. நோய் எழுதும் எழுத்து வேறு. இரண்டையும் பிரித்து வாசிக்கப் பழகுவது கடினமன்று.

ஆறு மாதக் குறிப்பேடு

நகம், கெரற்றின் என்னும் புரதத்தால் ஆகியது. மயிரும், மாட்டின் கொம்பும், அதன் குளம்பும் இவ்வினப் பொருளே. நாம் காணும் நகத்தட்டு உயிரற்றது. ஆதலால் வெட்டும்போது நோவதில்லை. உயிருள்ள பகுதி, அடியிலே தோல்மடிப்பினுள் மறைந்து கிடக்கும் வேராகும். பெருவிரலில் வெண்பிறை போலத் தெரிவது அவ்வேரின் வெளிப்பட்ட ஓரமே. அங்கே புதிய கலங்கள் பிறந்து, இறுகி, முன்னே பிறந்தவற்றைத் தள்ளிக்கொண்டு வருகின்றன. கைவிரல் நகம் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் வளரும். வேரிலிருந்து நுனிவரை முழு நகமும் புதிதாவதற்கு ஏறக்குறைய 6 மாதம் செல்லும். கால்விரல் நகத்துக்கு 12 முதல் 18 மாதம் வரை வேண்டும்.

ஆகவே, இன்று நாம் வெட்டி எறியும் நுனி, ஏறக்குறைய அரையாண்டுக்கு முன் பிறந்தது. அது பிறந்த காலத்தில் உடம்பு எந்நிலையில் இருந்ததோ, அந்நிலையின் அடையாளத்தை அது தாங்கி வருகின்றது. நாம் மறந்துபோன காய்ச்சலை நகம் மறப்பதில்லை.

இக்குறிப்பேட்டை மிகப் பொறுமையோடு வாசித்தவர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் பெனற் பீன் என்பவரே அவர். 1941ஆம் ஆண்டில், தமது இடக்கைப் பெருவிரல் நகத்தின் அடியில் ஒரு சிறு கோடு கீறி, அது நுனியை அடைய எத்தனை நாள் செல்கின்றது என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். அவ்வேலையை அவர் 35 ஆண்டுகள் இடைவிடாது செய்தார். 32 வயதில் அவருடைய நகம் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீற்றர் வளர்ந்தது; 67 வயதில் 0.095 மில்லிமீற்றரே வளர்ந்தது. வேகத்தில் காற்பங்குக்குச் சற்றுக் குறைவானதை முதுமை எடுத்துக்கொண்டது என்று கணக்குச் சொல்கின்றது. 1980இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் மருத்துவ மாணவரால் பேசப்படுகின்றது. பெரும் பொருட்செலவும் அரிய கருவிகளும் இன்றி, தம் பெருவிரல் ஒன்றையே கொண்டு ஓர் உண்மையை நிலைநாட்டினார் அவர். ஆராய்ச்சிக்கு வசதியில்லை என்று வருந்தும் மாணவர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

வயதின் எழுத்து

நகம் மெதுவாக வளர்வது நோயன்று என்பது பீனின் கணக்கால் தெளிவாகின்றது. முதுமை எழுதும் பிற எழுத்துக்களும் உள. அவற்றுள் முதன்மையானவை, வேரிலிருந்து நுனிநோக்கி ஓடும் மெல்லிய நெடுங்கோடுகள். நாற்பதைக் கடந்த பலருடைய நகங்களில் இவற்றைக் காணலாம். எம் கைகளிலும் இவை தோன்றிச் சில ஆண்டுகளாகின்றன. நெற்றிச் சுருக்கத்துக்கு அஞ்சாதவர் இவற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. நகத்தின் பளபளப்புக் குன்றுவதும், வெண்பிறை சிறுப்பதும் இவ்வகையினவே.

நகம் வரண்டு, நுனியில் ஏடேடாகப் பிளப்பதும் நடுவயதில் மிகுதி. பெண்களுக்கு இன்னும் மிகுதி. நாளெல்லாம் சவர்க்கார நீரிலே நனைவதும் காய்வதுமாக இருக்கும் கைக்கு அது வியப்பன்று. சட்டி பானை கழுவியபின் கையை ஈரம் போகத் துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது போதுமானது. வீட்டிலுள்ள மற்றவர்கள் அவ்வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது அதனினும் நல்ல மருந்து.

வெள்ளைப் புள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். பறந்து செல்லும் கொக்குகளைப் பார்த்து நகத்தில் பூப்போடும்படி கேட்பது தமிழ்ச் சிறுவரின் பழைய விளையாட்டு. பெரியவர்களோ அப்புள்ளிகளைக் கண்டால் கல்சியக் குறைவென்று மாத்திரை வாங்குகின்றனர். இரண்டனுள் சிறுவரின் கொள்கையே குற்றமற்றது. வேரின்மேல் எங்கோ பட்ட சிறு இடியே பெரும்பாலும் அப்புள்ளிக்குக் காரணம். நகம் வளர வளர அது நுனிக்குச் சென்று வெட்டுண்டு போகும். நகத்தின் உறுதி கல்சியத்தால் ஆவதன்று.

காய்ச்சல் கீறிய கோடு

நெடுங்கோடு வயதினது என்றால், குறுக்குக்கோடு யாருடையது? 1846ஆம் ஆண்டில் போ என்னும் பிரெஞ்சு வைத்தியர் இதற்கு விடை கூறினார். கடும் நோய் வந்து உடம்பை வாட்டும்போது நகத்தின் வேர் தன் தொழிலைச் சில நாட்களுக்கு நிறுத்திவிடுகின்றது. அல்லது மிகவும் குறைத்துவிடுகின்றது. நோய் நீங்கியதும் தொழில் மீண்டும் தொடங்குகின்றது. இடையில் நேர்ந்த தடையே நகத்துக்குக் குறுக்கே ஒரு பள்ளமாக நின்றுவிடுகின்றது. இன்றும் அதனைப் போவின் கோடு என்றே வழங்குவர்.

கடுங்காய்ச்சல், பெரிய சத்திரசிகிச்சை, புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து ஆகியவற்றின் பின் இக்கோடு தோன்றலாம். கொறோனாத் தொற்றுக் காலத்திலும் நோயிலிருந்து மீண்ட சிலருடைய நகங்களில் இது காணப்பட்டது. பள்ளம் வேர்மடிப்பிலிருந்து 6 மில்லிமீற்றர் தூரத்தில் இருந்தால், நோய் வந்தது ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முன் என்று கணிக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு பொதுவிதியையும் சொல்லிவிடுதல் தகும். ஒரு நகத்தில் மட்டும் மாற்றம் காணப்பட்டால், அந்த விரலுக்கு நேர்ந்தது என்ன என்று கேட்க வேண்டும். கதவிடுக்கோ சுத்தியலோ பெரும்பாலும் விடையாகும். பல நகங்களில் ஒரே மாதிரியான மாற்றம் காணப்பட்டால், உடம்புக்கு நேர்ந்தது என்ன என்று கேட்க வேண்டும். இவ்விதிக்கு விலக்கொன்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

குழிந்த நகம்

எம் தமக்கையார் தமது நாற்பத்தாறாம் வயதில் அடிக்கடி களைப்படையலானார். படியேறினால் மூச்சு வாங்கும், மாலையானதும் சாய்ந்துவிடுவார். கேட்டால், "வயது போகுது தம்பி, எல்லாருக்கும் உள்ளதுதானே" என்பார். ஒருநாள் அவர் எமக்குத் தேநீர்க் கோப்பையை நீட்டியபோது விரல்களைப் பார்த்தோம். நகங்கள் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டிய இடத்தில் தட்டையாகி, நடுவே சற்றுக் குழிந்து, ஓரம் நிமிர்ந்து நின்றன. நிறமும் வெளிறியிருந்தது. அவற்றின்மேல் ஒரு துளி நீர் விட்டால் வழிந்தோடாமல் தங்கும் போலிருந்தது.

கரண்டி போலக் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். குருதியைச் சோதித்தபோது ஈமோகுளோபின் 7.8 என்று வந்தது. பெண்களுக்கு அது 12க்குக் குறையலாகாது. ஆண்களுக்கு 13க்குக் குறையலாகாது. பின்னர் விசாரித்ததில், மூன்றாண்டுகளாக மாதப்போக்கு அளவுக்கு மிஞ்சியிருந்தது என்றும், அது நிற்கும் காலம் நெருங்குவதால் அப்படித்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்து ஒருவருக்கும் சொல்லாதிருந்தார் என்றும் தெரியவந்தது. கருப்பையிலே வளர்ந்திருந்த கட்டியே அதற்குக் காரணம் என வைத்தியர் கண்டார். அது புற்றுநோய்க் கட்டியன்று. சிகிச்சை நடந்தது; இரும்பு மாத்திரைகளையும் பல மாதம் உட்கொண்டார். களைப்புச் சில வாரங்களில் குறைந்தது. நகமோ தன் காலக்கணக்கின்படி வேரிலிருந்து சிறுகச் சிறுக நிமிர்ந்து, ஏறக்குறைய அரையாண்டில் முழுதும் சீரடைந்தது. தமக்கையாரைப் பற்றியிருந்தது வயதன்று; வயது என்னும் பெயரைப் பூண்டு வந்த நோய்.

நம் நாட்டுக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் செய்தியும் உண்டு. சோற்றுக் கோப்பையைக் கழுவுமுன்னே தேநீர்க் கோப்பையைக் கையில் எடுப்பது நமது பழக்கம். மரக்கறியிலும் தானியத்திலும் உள்ள இரும்பு உடம்பிற் சேராதபடி தேயிலையின் துவர்ப்புப் பொருள் தடுக்கின்றது. ஆதலால் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணிநேரமாவது விடுவது நலம். மாறாக, தேசிப்புளியும் நெல்லிக்காயும் அவ்விரும்பு சேர்வதற்குத் துணை செய்கின்றன. முருங்கையிலைச் சுண்டலிலும் கீரையிலும் தேசிப்புளி விடும் பழக்கம் நாவுக்கு மட்டும் உகந்ததன்று.

ஆண்கள் இப்பகுதியைப் பெண்களுக்குரியதென்று தள்ளிவிடலாகாது. மாதப்போக்கு இல்லாத ஆணுக்கோ, அது நின்றுபோன பெண்ணுக்கோ நடுவயதில் இரும்பு குறைந்துள்ளதெனில், வயிற்றிலோ குடலிலோ குருதி மெல்லக் கசிகின்றதா என்று ஆராய்தல் வேண்டும். இரைப்பைப் புண், மூலம், கொழுக்கிப்புழு, நெடுநாள் உட்கொள்ளும் அஸ்பிரின் ஆகியவை காரணமாகலாம். குடற்புற்றுநோயின் முதற் செய்தியும் இதுவாகலாம். தொடக்கத்தில் கண்டால் அந்நோய் பெரும்பாலும் குணமாகக்கூடியது. ஆதலால், காரணம் அறியாமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி விழுங்குவது, ஓட்டைக் குடத்தை அடைக்காமல் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

திரண்ட விரல்நுனி

நகம் குழிவது ஒருபுறமிருக்க, அது புடைத்தெழுவது இன்னும் கவனத்துக்குரியது. விரல்நுனி முரசறையும் கோலின் தலைபோலத் திரண்டு, நகம் கிளிமூக்குப்போல் முன்னோக்கி வளையும். வலி இராது, ஆதலால் உடையவரே அதனை உணரார். நெஞ்சிற் சீழ் கட்டிய நோயாளியிடம் இதனைக் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டிஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குறித்துள்ளார். சுவாசப்பைப் புற்றுநோய், நெடுநாட் சீழ்நோய்கள், இருதயத்தின் உட்சவ்வில் கிருமி தொற்றுதல், ஈரல் சுருங்கும் நோய் முதலியன இதற்குக் காரணங்கள். சில குடும்பங்களில் பிறவியிலேயே விரல்நுனி இவ்வாறிருப்பதும் உண்டு, அதனால் தீங்கில்லை. நாற்பதுக்கு மேல் புதிதாகத் தோன்றுவதே ஆராய்ச்சிக்குரியது.

இதனைக் கண்டறிய எளிய வழியொன்றைத் தந்தவர், தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க் நகரத்து இருதய வைத்தியர் லியோ ஷம்ரோத். இரு கைகளிலும் ஒரே விரலை எடுத்து, நகத்தோடு நகம் பொருந்த, கடைசி மூட்டுக்களை முதுகுப் புறமாக ஒட்டிப் பிடித்தல் வேண்டும். நகத்தின் அடிகள் சந்திக்கும் இடத்தில் சாய்சதுர வடிவான சிறு சாளரம் ஒன்று தெரியும். வெளிச்சம் அதனூடே வரும். விரல்நுனி திரண்டவருக்கு அச்சாளரம் அடைபட்டுவிடும். இதனை ஷம்ரோத் முதலிற் கண்டது தம் நோயாளியிடத்தன்று. இருதய உட்சவ்வில் கிருமி தொற்றித் தாமே நோயுற்றபோது தம் கைகளிலேயே கண்டார். 1976ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். படுக்கையிற் கிடந்தும் பார்வையைக் கைவிடாத மனிதர்!

சுருட்டோ சிகரெட்டோ புகைப்பவர் இருக்கும் வீடுகளில் இச்சோதனையை அனைவரும் அறிந்திருத்தல் நல்லது. புகையினால் வரும் நாட்பட்ட இருமலும் மூச்சிளைப்பும் தாமாக விரல்நுனியைத் திரளச் செய்வதில்லை. புகைப்பவருடைய விரல் திரண்டால், உள்ளே வேறொன்று, சில வேளைகளில் புற்றுநோயே, ஒளிந்திருக்கக்கூடும் என்று வைத்தியர்கள் ஐயுறுவர். நெஞ்சை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்காமல் இருமல் மருந்தோடு நின்றுவிடுதல் அந்நிலையில் ஆபத்தானது.

நிறம் மாறினால்

சித்த வைத்தியர் நோயறியும் எண்வகைத் தேர்வில் நாடியோடும் நாவோடும் நிறத்தையும் வைத்தனர். மேனாட்டு வைத்தியமும் நகத்தின் நிறத்தைப் படித்தது. 1954இல் டெரி என்னும் ஆங்கில வைத்தியர், ஈரல் சுருங்கிய 100 நோயாளரைப் பார்த்து, அவர்களுள் 82 பேருக்கு நகம் பெரும்பகுதி வெண்மையாகி, நுனியில் மட்டும் செந்நிறக் கீற்று எஞ்சியிருந்ததைக் குறித்தார். 1967இல் லின்ட்சே என்பவர், நாட்பட்ட சிறுநீரக நோயாளரின் நகத்தில் அடிப்பாதி வெண்மையாகவும் நுனிப்பாதி செம்பழுப்பாகவும் இருப்பதைக் காட்டினார்.

ஆயினும் இங்கே நகத்தின் குறையையும் சொல்லுதல் நேர்மை. இவ்வடையாளங்கள் பெரும்பாலும் நோய் முற்றியபின் வருவன. 1990கள் முதல் நமது வடமத்திய மாகாணத்து உழவர் பலரைப் பற்றிய சிறுநீரக நோய் நெடுங்காலம் வலியின்றியே வளர்வது. நகம் மாறும்வரை காத்திராமல், சிறுநீரையும் குருதியையும் சோதிப்பதே அத்தகைய நோய்களுக்கு ஏற்ற வழியாகும். நீரிழிவும் குருதியமுக்கமும் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

மஞ்சளாகித் தடித்து உதிரும் நகம் பெரும்பாலும் பூஞ்சணத்தால் ஆவது. நீரிழிவுடையோர் அதனைச் சிறிதென்று விடலாகாது. காற்புண்ணுக்கு அது வாயிலாகலாம். அவர்கள் கால்நகத்தை மூலை தோண்டாமல் நேராக வெட்டுதல் வேண்டும்.

இனி, முன்னர்ச் சொன்ன விலக்கு. ஒரே ஒரு நகத்தில் கறுத்த நெடுங்கோடு ஒன்று புதிதாகத் தோன்றுமாயின், அதனைப் புறக்கணித்தல் ஆகாது. நம்மைப் போன்ற கருநிறத்தாரின் பல நகங்களில் பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருப்பதுண்டு, அவை தீங்கற்றவை. அடிபட்டுக் கட்டிய குருதியும் கறுப்பாகத் தெரியும். ஆனால் அது நகத்தோடு நகர்ந்து சில மாதங்களில் வெளியேறிவிடும். நகராமல் நின்று, அகன்று, அடித்தோலுக்கும் பரவும் கறுப்பு, தோற்புற்றுநோயின் ஒருவகையாகலாம். பெருவிரல்களிலேயே அது மிகுதியாக வரும். யமேக்காவின் புகழ்பெற்ற பாடகர் பொப் மாலிக்கு 1977இல் கால்விரல் நகத்தடியில் இருந்தது அதுவே. உதைபந்தாட்டத்தில் பட்ட காயம் என்றே முதலில் எண்ணப்பட்டது. 1981இல் அவர் இறந்தபோது வயது 36.

சாட்சியும் தீர்ப்பும்

இவ்வளவும் வாசித்தபின் ஒருவர் தம் நகத்தைப் பார்த்துத் தாமே நோய்க்குப் பெயரிட்டுக்கொள்வாராயின், நாம் எழுதியதன் பயன் கெட்டுவிடும். நகம் ஒரு சாட்சி, நீதிபதியன்று. சாட்சி சொல்வதை வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நம் கடமை. அச்சாட்சியின் வாயை அடைக்காதிருப்பதும் கடமையே. மருதோன்றியும் நகப்பூச்சும் அழகானவை. ஆயினும் வைத்தியரைக் காணச் செல்லும்போது ஓரிரு நகங்களாவது இயல்பான நிறத்தில் இருப்பது நல்லது. விரலிற் செருகி ஒட்சிசன் அளக்கும் கருவியும் ஒளியைச் செலுத்தியே அளப்பதால், கருநிறப் பூச்சு அதன் கணக்கைக் குழப்பலாம்.

விளக்கு வைத்தபின் நகம் வெட்டலாகாது என்று நம் வீட்டுப் பெரியோர் கூறுவர். பகலொளியில் வெட்டினால் காயம் படாது. நகத்தை நன்றாகப் பார்க்கவும் முடியும். மாதம் ஒருமுறையாவது, நகவெட்டியைக் கையிலெடுக்குமுன், வடிவம் மாறியதா, நிறம் மாறியதா, குறுக்கே பள்ளம் உண்டா, புதுக்கறுப்பு உண்டா, சாளரத்தினூடே வெளிச்சம் வருகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. தாய் தந்தையர் முதியராயின் பிள்ளைகள் அவர்களுக்கு நகம் வெட்டிவிடலாம். அவர்கள் சொல்லாமல் மறைப்பதையும் அப்போது அறிந்துகொள்ளலாம்.

நகத்தால் கிள்ளி எறியக்கூடியதைக் கோடரி கொண்டு வெட்டும்வரை வளரவிடலாகாது என்பது முன்னோர் வாக்கு. நோய்க்கும் அது பொருந்தும். வயதை நாம் தடுக்க முடியாது. வயதின் பெயரால் நோய் வளர்வதைத் தடுக்க முடியும்.